பேரில்லாமல் போன மனு

என் மூத்த பேரன் திருச்சியில் இஞ்சினியராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. கம்பெனியில் வீடு கொடுத்திருக்கிறார்கள், குழாயைத் திருகினால் மாடியிலேயே தண்ணீர் கொட்டுகிறது. அவன் தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் ஊசி போட்டால் பிள்ளைகள் அழுவதில்லை என்று டாக்டரே சொன்னாராம். நடு மகன் வீட்டுப் பையன் பாங்கு பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறிவிட்டான். கடைக்குட்டி பத்தாவதில் பள்ளிக்கூடத்துக்கே முதல், கணக்கில் ஒரே ஒரு மார்க் குறைச்சல். இதில் பாதியை நீ இருக்கும்போதே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் "ரொம்ப சந்தோசம்க்கா" என்று ஒரு கார்டு போட்டாய். மறுபடியும் ஏன் சொல்கிறேன் என்றால், உன் பேத்தியைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் என் பக்கத்தை நிறைத்து வைத்துக்கொள்ள வேண்டும். உன் பேத்தி மீனா மெட்ராஸில் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள். எழுதிவிட்டேன். போதுமா.

அந்த மீனாதான் போன வாரம் உன் தகரப்பெட்டியை பஸ்ஸில் ஆள்வசம் அனுப்பிவைத்தாள். மூடியைத் தூக்கியதும் அந்துருண்டை வாடை, அதற்கடியில் பழைய மையின் வாடை. இரண்டு சேலைகள், மை காய்ந்துபோன உன் பேனா, கோடு போட்ட ஒரு நோட்டு. நோட்டுக்குள் நாலாக மடித்த தாள். பிரிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. காரணம் சொல்லும் இடத்தில் மூன்று சொற்களை அடித்து நாலாவதை எழுதியிருந்த தாள். அடுத்த வரியில் என் வீட்டுக்காரர் பேர், உன் கையெழுத்தில்.

நாம் ஒரே வயசு. ஆலங்குடிக்கும் திருவரங்குளத்துக்கும் நடுவில் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்து ஐந்தாவது வரை படித்தோம். கணக்கில் நான் முதல். கையெழுத்தில் நான் முதல். இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறையும் கோடில்லாத சிலேட்டில் சாயாமல் எழுதுவதில் எனக்கு அடுத்துத்தான் நீ. ஐந்தாவது முடிந்ததும் என் அப்பா, "கடலை பறிக்க ஆள் கெடைக்க மாட்டேங்குது, இவளுக்கு இது போதும்" என்றார். உன் அப்பா சமஸ்தானத்து ஆபீசில் குமாஸ்தா. உன்னைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்.

லீவுக்கு வரும்போது இரட்டைப் பின்னலில் ரிப்பன் கட்டிக்கொண்டு வருவாய். "என்னடி டவுன்காரி, அங்கிட்டு என்னதான் சொல்லிக்குடுக்குறாங்க?" என்று நான்தான் முதலில் கேட்பேன். நீ சொல்லத் தொடங்கியதும் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவேன். உட்கார்ந்து கேட்டால் வயிறு எரியும்.

எட்டாவது முடித்த உன்னை எங்கே கட்டிக்கொடுப்பார்கள் என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. என் கொழுந்தனுக்கே கட்டிவைத்தார்கள். நான் மூத்த மருமகள், நீ இளைய மருமகள். வாடி போடி என்று திரிந்தவர்கள் ஒரே வீட்டில் ஓரகத்திகள் ஆனோம். வந்த அன்று அடுப்படி வாசலில் நின்று, "வாடி" என்று உதடு வரை வந்ததை விழுங்கிவிட்டு, "வாங்கக்கா" என்றாய். எனக்கு அன்றைக்கு ஒரு பிடிச் சோறு கூடுதலாக இறங்கியது. எனக்குக் கிடைக்காத மூன்று வருஷப் படிப்புக்கு அந்த "அக்கா" ஈடு என்று நினைத்தேன். ஈடாகவில்லை.

அப்புறம் உலகச் சண்டைக்காலம். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய்விட்டார், எங்கேயோ வடக்கே ஒரு முகாம். ஊரில் மண்ணெண்ணெய் கிடையாது, பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடின. அத்தைக்குக் காலில் நீர் கோத்து வீங்கி, பாயை விட்டு எழ முடியாமல் போனது அந்த வருஷம்தான். வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும், "பெரியவனா?" என்பார்கள்.

அவருக்கு எழுதினோம். பதில் வந்தது. பொய்த் தந்தி கொடுத்து லீவு வாங்குகிறவர்கள் பெருகிவிட்டதால் தந்தியை நம்புவதில்லை. வீட்டிலிருந்து நிலைமையை விளக்கி இங்கிலீஷில் மனு வந்தால் ஆபீசர் படித்துப் பார்த்துத் தீர்மானிப்பார் என்று எழுதியிருந்தார். மாமா கடிதத்தை மடித்துக்கொண்டே, "சின்னவளக் கூப்புடு" என்றார். அந்த வீட்டில் நெல் அவிக்கவோ, விருந்தாளிக்கு இலை போடவோ, எதற்கும் பெரியவளைத்தான் கூப்பிடுவார்கள். என் புருஷனுக்கு மனு எழுத மட்டும் சின்னவள்.

வீட்டை ஒட்டிய களத்தில் நாம் கடலை உடைத்துக்கொண்டிருந்தோம். நீ முறத்தைக் கவிழ்த்து அதன்மேல் நோட்டை வைத்துக்கொண்டாய். ஒரு வரி எழுதினாய், அடித்தாய். மறுபடி எழுதினாய், மறுபடி அடித்தாய்.

"என்னடி, மனு எழுதுறியா, கோலம் போடுறியா?"

"காரணம் சொல்ற எடத்துல எந்தச் சொல்லப் போடுறதுன்னு பாக்குறேன்க்கா. ஆஸ்னு போட்டா 'அத்தை படுத்திருக்கையில'ன்னும் ஆகும், 'படுத்திருக்கறதால'ன்னும் ஆகும். படிக்கிறவரு எப்படி எடுத்துக்குவாரோ."

"அப்ப வேற போடு."

"சின்ஸ் போடலாம். ஆனா அது, ஒங்களுக்குத்தான் தெரியுமேன்னு சொல்ற மாதிரி. கேக்குறவருக்கு முன்னாடியே தெரிஞ்ச காரணத்துக்குப் போடுறது. அந்த ஆபீசருக்கு நம்ம அத்தைய எங்கிட்டுத் தெரியும்? ஃபார்னு ஒண்ணு இருக்கு, அது பெரிய மனுசங்க எழுத்து. சொல்ல வேண்டியதச் சொல்லி முடிச்சுட்டு, காரணத்த மெதுவாப் பின்னால ஒட்டவைக்கிறது. நமக்கு அவ்வளவு நிதானம் இல்ல."

"ஒன் வெள்ளக்காரனுக்கு ஒரு காரணம் சொல்ல நாலு சொல்லு வேணுமாக்கும். எங்களுக்கு ஒரு 'ஏன்னா' போதும்டி."

"ஒங்களுக்கும் நாலு இருக்கு. நேத்துக் கொழம்புல உப்புக் கூடிப் போனதுக்கு அத்தைகிட்ட ஒரு காரணம் சொன்னீங்க, மாமாகிட்ட ஒண்ணு, ஒங்க கொழுந்தன்கிட்ட ஒண்ணு சொன்னீங்க, எங்கிட்ட மொறைச்சுட்டுப் போனீங்க."

உள்ளே படுத்திருந்த அத்தை சிரித்தது களம் வரை கேட்டது. அத்தையின் சிரிப்பை நான் கேட்டது அதுதான் கடைசி. அதையும் நீதான் வரவழைத்தாய்.

முடிவில் பிக்காஸ் என்று எழுதினாய். "தெரியாதவருகிட்டப் புதுசா ஒரு காரணத்த அடிச்சுச் சொல்லணும்னா இதுதான்க்கா. அனுப்புங்கன்னு மொதல்ல கேட்டுட்டு, ஏன்னா அவருடைய தாயார் இனி அதிக நாள் தாங்கமாட்டாங்கன்னு முடிக்கணும். காரணம் கடைசியில நின்னா அதுதான் அவரு மனசுல நிக்கும்." இங்கிலீஷில் வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னாய். எனக்குக் கண் கலங்கியது. கலங்கியதற்காகவும் உன்மேல் எரிச்சல் வந்தது.

அடுத்த வரிக்குப் போனாய். கொஞ்சமும் தயங்காமல் அவர் பேரை எழுதினாய், பக்கத்தில் பட்டாளத்து நம்பரையும். கழுத்தில் தாலி ஏறிய நாள் முதல் நான் வாயால் சொல்லாத பேர். ஒரு தாளிலும் எழுதாத பேர். அதே பேருள்ள பால்காரரைக்கூட "பால்காரரே" என்றுதான் கூப்பிடுவேன். மூத்தார் பேரை நீயும் சொல்லக் கூடாதுதான். நான் பார்த்த பார்வையைப் பார்த்துவிட்டு, "இங்கிலீசுல எழுதுனா சொன்னதாகாதுக்கா" என்று சிரித்தாய்.

நீ தப்பாக எதுவும் செய்யவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் பேர் உன் பேனாவில் அப்படி வழுக்கிக்கொண்டு வந்ததை என்னால் தாங்க முடியவில்லை. ஆபீசர் அவரைக் கூப்பிட்டு மனுவைக் காட்டினால், அதில் இருக்கிற கையெழுத்து யாருடையது என்று அவர் பார்க்க மாட்டாரா. "கையெழுத்து என்னுதுதான் நல்லாருக்கும், நான் பாத்து எழுதுறேன்" என்று தாளை வாங்கிக்கொண்டேன். மாமாவும் சரி என்றார். நீ மேலுறையில் ஆபீசருக்கு என்று போட்டு முகாம் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, கடலைக்குப் போய் உட்கார்ந்தாய்.

பிற்பகல் முழுக்க எழுதினேன். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. உன் எழுத்தைப் பார்த்து எழுத்து எழுத்தாக, ஒரு பிசிறு இல்லாமல் எழுதினேன். பேர் வந்த வரியில் கை நின்றது. இங்கிலீஷில் எழுதினால் சொன்னதாகாது என்பது உனக்குச் சரி. எனக்குக் கை வரவில்லை. அந்த வரி முழுவதையும் காலியாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய், அடியில் என் பேரும் ஊரும் போட்டு முடித்தேன்.

அது எனக்குப் புதுசும் இல்லை. அவருக்கு நான் கடிதம் போடும்போதெல்லாம் மேலுறையில் பேர் வரும் இடத்தைக் காலியாக விட்டுத்தான் தபால்கார ராவுத்தரிடம் கொடுப்பேன். அவர் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, "பேர நான் போட்டுக்கிறேன் தங்கச்சி" என்று காதிலிருந்து பென்சிலை எடுப்பார். ஊரில் பட்டாளத்துக்குப் போனவர்களின் பெண்டாட்டிகள் எல்லாருக்கும் அவர்தான் பேர் போட்டுக் கொடுப்பார். அந்தப் பழக்கத்தில்தான் விட்டேன். ஆனால் அன்றைக்குக் காலி வரி இருந்தது மேலுறையில் இல்லை, உள்ளே. உன் தாளை உன் நோட்டிலேயே திருப்பி வைத்துவிட்டு, நீ திருத்திப் பார்க்கக் கேட்பாயோ என்று சோற்றுப் பருக்கை வைத்து அழுத்தி ஒட்டிவிட்டேன். ராவுத்தர் மேலுறையைத் திருப்பிப் பார்த்தார். விலாசம் முழுசாக இருந்தது. "பரவால்லையே, இன்னிக்கு எனக்கு வேலையே இல்ல" என்று பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். உன்னிடம் ஒரு தடவை காட்டியிருந்தால் போதும்.

வாரங்கள் போயின. அத்தை செருப்புச் சத்தம் கேட்டுக் கேட்டு, கடைசியில் அதையும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு காலை வேளையில், நீ கஞ்சி புகட்டிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்கள். மணியக்காரர் அத்தாட்சியோடு சாவுத் தந்தி கொடுத்தோம். மூன்றாம் நாள் ராவுத்தர் என் பேருக்கு ஒரு உறையைக் கொண்டுவந்தார். உள்ளே நான் எழுதிய மனு. காலி வரியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. எந்த ஆள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஐந்தாவது படித்தவளுக்கும் அது புரிந்தது. மடித்துக் குதிருக்குள் நெல்லில் ஆழமாகச் சொருகிவிட்டேன்.

பத்தாம் நாளுக்கு அவர் வந்து சேர்ந்தார். மொட்டை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் மாமா கேட்டார், "நாங்க போட்ட மனு வரலியாப்பா?"

"கேட்டுப் பாத்தேன்ப்பா. எம்பேருல ஒண்ணும் வரலைன்னுட்டாங்க."

மாமா உன்னைப் பார்க்காமலே, "எட்டாங்கிளாசு இங்கிலீசு அம்புட்டுத் தூரம் போவாது போலருக்கு" என்றார். பங்காளி வீட்டார் எல்லாரும் இருந்தார்கள். நீ தண்ணீர்ச் செம்போடு நின்றாய். நான் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றேன். அந்த இடத்தில் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். வரவில்லை. நான் ஏன் பேசவில்லை என்பதற்குப் பயம், துக்கம் என்று எத்தனையோ காரணம் இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் மாமா அப்படிச் சொன்னபோது எனக்குள் ஒரு மூலையில் குளிர்ந்தது. மூன்று வருஷம் நீ என்னைவிட ஏறிப்போன படிகளிலிருந்து உன்னை யாரோ இறக்கிவிட்டது போல இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் உன்னை யாரும் இங்கிலீஷ் எழுதச் சொல்லவில்லை. நிலத்துக்கு மனு என்றாலும் மாமா ஆலங்குடிக்கு நடந்துபோய் ஆளைப் பிடித்து எழுதி வாங்குவார். உன் பேனா கூரை இறவாணத்தில் சொருகினபடியே கிடந்தது.

ஒரு மாதம் கழித்து நெல் அவிக்கக் குதிரின் மூடியைத் திறந்தவள் நீ. கையில் அந்த உறையோடு களத்துக்கு வந்தாய்.

"அக்கா, இது குதிருக்குள்ள கெடந்துச்சு. எலி கடிச்சிரும், பத்தரமா வைங்க."

"படிச்சியா?"

"படிச்சேன். கையெழுத்து நல்லாருக்கு."

"மாமாகிட்டச் சொல்லப் போறியா?"

"சொன்னா, ஏன் இப்படி ஆச்சுன்னு கேப்பாக. ஏன்னு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச காரணத்த அடிச்சுச் சொல்ல வேண்டியதில்லக்கா."

சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான் உன் காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றிற்று தெரியுமா. பெருந்தன்மையிலும் நீ என்னை முந்திக்கொண்டாயே என்று தோன்றிற்று. என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் உன்னைப் பிடித்துப்போயிருக்கும்.

சண்டை முடிந்து அவர் வந்ததும் எல்லாரும் கரி பஸ்ஸில் புதுக்கோட்டைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டோமே, ஞாபகம் இருக்கிறதா. மூத்தவள் என்று நான் நாற்காலியில். நீ பின்னால் நின்றாய். படக்காரர் துணிக்குள் தலையை விட்டதும் நான் கொஞ்சம் நிமிர்ந்து தலையைச் சாய்த்தேன். என் கொண்டைப் பூவுக்குப் பின்னால் உன் முகத்தில் பாதி போய்விட்டது. தெரிந்துதான் செய்தேன். நீ அதையும் கேட்கவில்லை. அந்தப் படம் இன்றும் என் சுவரில் இருக்கிறது. சட்டத்துக்குப் பின்னால் சிவப்பு வட்டம் போட்ட மனு இருந்தது.

அதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். நீ போன அன்றைக்கு, உன்னை எடுக்கிறதுக்கு முன்னால், நம் பங்காளி வீட்டுக் கிழவர், வெற்றிலையை மென்றுகொண்டே பழங்கதை பேசினார். "இவ எழுதுன இங்கிலீசுலதான் எங்க பெரியாத்தா மகன் மொகத்தப் பாக்காமப் போச்சு" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மீனா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. நான் அங்கேதான் இருந்தேன். அப்போதும் பேசவில்லை. இரண்டு தடவை, நாற்பது வருஷ இடைவெளியில், ஒரே வாய்.

பெட்டியோடு மீனா ஒரு சீட்டு வைத்திருந்தாள். "பெரிய அப்பத்தா, இந்த மனுவை நாலு தடவை படித்துப் பார்த்தேன். இதில் ஒரு தப்பும் இல்லை. பிறகு ஏன் எல்லாரும் அப்படிச் சொல்கிறார்கள்?"

அவளுக்கு நான் பதில் எழுத வேண்டும். நீ அவளுக்கு ஒன்றுமே சொல்லவில்லை என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது. உனக்கும் எனக்கும் தெரிந்த காரணம், நீ போனபிறகு எனக்கு மட்டும் தெரிந்த காரணம் ஆகிவிட்டது. இனிமேல் அது பேசாமல் புரிந்துகொள்ளக்கூடிய காரணம் இல்லை. தெரியாதவளிடம் அடித்துத்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கு வெள்ளைக்காரனுக்கு நாலு சொல்லா என்று உன்னைக் கேலி செய்தேனே. நீ போட்ட அந்த நாலாவது சொல்லைத்தான் இத்தனை காலமாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன், இறக்கிவைக்க இடம் தெரியாமல்.

சட்டத்தைக் கழற்றி மனுவை எடுத்தேன். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. உன் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிவப்பு வட்டத்துக்குள் அவர் பேரை எழுதினேன். எழுத்து கோணலாக விழுந்தது. கையெழுத்தில் இனி நான் முதல் இல்லை. எழுதியபிறகு ஒரு தடவை வாய்விட்டும் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லை.

இரண்டு தாளையும் சேர்த்து வைத்து மீனாவுக்கு இப்படி எழுதினேன்: "உன் அப்பத்தா இங்கிலீஷில் தப்பு இல்லை. மனு பேரில்லாமல் போனது, ஏனென்றால் நான் பேரை விட்டுவிட்டேன். அதை நான் பார்த்து எழுதினேன், ஏனென்றால் அவள் எழுதினது எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் நான் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்குப் பொறாமை. வருகிற தைமாசம் குலதெய்வம் கும்பிட எல்லாரும் கூடும்போது, அந்தக் கிழவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நின்று இதைச் சத்தமாகப் படி. நானும் இருப்பேன். உன் குரல் நின்றால் மீதியை நான் படிக்கிறேன்."

படிக்கத்தான் போகிறாள். அவள் படித்தால் இங்கிலீஷ் வாத்தியார் படிக்கிற மாதிரி கணீரென்று இருக்கும், என் பேரப்பிள்ளைகள் நாலு பேரும் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்கள். இப்போதே எனக்குக் கொஞ்சம் எரிகிறது. நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

கடிதத்தின் அடியில் இன்னும் இரண்டு வரி சேர்த்தேன். என் சுவரில் இருக்கிற சட்டம் பின்னால் காலியாக இருக்கிறது, முன்னால் இருக்கிற படத்தையும் இனி என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உன் முகம் முழுசாகத் தெரிகிற படம் ஒன்று, மறைக்க யாரும் இல்லாமல் நீ தனியாக இருக்கிறதாக, புதுசாகப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.